லியோன் நகரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஏறுவது ரயிலில், இறங்குவது நடந்து

பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதாலேயே பலர் லியோன் நகரை ஒரே பகலில் பார்த்து முடித்துவிடக் கிளம்புகிறார்கள். காலையில் ரயில் ஏறி, குன்றின் மேலிருக்கும் பசிலிக்காவின் முன் படம் எடுத்து, பழைய தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போய் வந்தவர்களைக் கேட்டால், "நல்ல ஊர்தான், ஏறி இறங்கியே கால் போச்சு" என்பார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். லியோன் அவசரமாகப் பார்த்தால் எதையும் காட்டாத ஊர். அதன் அழகில் பாதி, மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

முதல் தடவை போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்த ஊரில் ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள். ஃபூர்வியேர், குருவா ரூஸ் என்று இரண்டு குன்றுகள். இரண்டு குன்றின் உச்சிக்கும் ரயில் போகிறது. எனவே மேலே ரயிலில் போங்கள், பார்த்துக்கொண்டே நடந்து இறங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு குன்று. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

கிளம்புவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக் காலத்தில் விசா மையங்களில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால், பயணத் தேதி முடிவான உடனே முன்பதிவைப் பாருங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடப்பதற்கு நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 பாகையைத் தாண்டுவது உண்டு. அதைவிட முக்கியமாக, ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள். சின்ன உணவகங்கள் பல வாரக்கணக்கில் மூடியிருக்கும்.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். மூன்று என்றால் நிம்மதி. எந்தக் கிழமையில் போகிறோம் என்பதையும் பாருங்கள். ரோமானிய அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை, நுண்கலை அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை. பூஷோன் எனப்படும் உள்ளூர் உணவகங்கள் பல சனி, ஞாயிறுகளில் திறப்பதில்லை. வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்புகிறவர்களுக்கு நல்ல சாப்பாடு நழுவிப்போவதன் காரணம் அதுதான்.

ரயிலும் நிலையமும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கார் த லியோன்" என்ற ரயில் நிலையம் இருப்பது பாரிஸில். லியோனுக்குப் போகும் ரயில்கள் புறப்படும் இடம் என்பதால் அந்தப் பெயர். வாடகை வண்டியில் ஏறும்போதும் விடுதி தேடும்போதும் இதில் தடுமாறுகிறவர்கள் உண்டு.

பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையிலான பாதைதான் பிரான்சின் முதல் தேஜேவே அதிவேக ரயில் பாதை. 1981இல் ஓடத் தொடங்கியது. பயணச்சீட்டின் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும். ஒரு மாதம் முன்பே எடுத்தவரும் முந்தைய நாள் எடுத்தவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள், கொடுத்த பணம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு வேறுபடும்.

இறங்கும் நிலையம் பார் தியூவா, பெராஷா என்று சீட்டில் பாருங்கள். பார் தியூ ஆற்றுக்கு அப்பால் இருக்கும் புதிய அலுவலகப் பகுதி. பெராஷ் நகர நடுவின் தெற்கு முனை. சில ரயில்கள் விமான நிலையத்தோடு இணைந்த செந்த் எக்சுபெரி நிலையத்தில் நிற்கும். அது ஊருக்கு வெளியே இருப்பதால், மலிவாகத் தெரிகிறதே என்று அந்தச் சீட்டை எடுத்துவிடாதீர்கள். விமானத்தில் வருகிறவர்கள் அங்கிருந்து ரோன் எக்ஸ்பிரஸ் டிராமில் அரை மணி நேரத்தில் பார் தியூ வந்துவிடலாம். பார் தியூ நிலையத்தில் எப்போதும் கூட்டம். பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

எங்கே தங்குவது

படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் வியூ லியோன் எனும் பழைய நகரில் அறை தேடுவார்கள். அங்கே வீடுகள் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு வீடுகள். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. சுழல் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏற வேண்டி வரும். வார இறுதி இரவுகளில் மதுக்கடைச் சத்தமும் உண்டு. வயதானவர்களோடு போகிறவர்கள் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீளும் பிரெஸ்கீல் பகுதியில், பெல்கூர் சதுக்கத்துக்குப் பக்கமாகத் தங்குவது நல்லது. மெட்ரோவின் ஏ, டி தடங்கள் இரண்டும் அங்கே சந்திக்கின்றன. பழைய நகரம் ஆற்றைத் தாண்டி நடக்கும் தூரம்தான். கையைக் கடிக்காத வாடகைக்குப் பார் தியூ பக்கம் பார்க்கலாம்.

நகருக்குள் போய்வர

மெட்ரோ, டிராம், பேருந்து, குன்றேறும் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே நிறுவனம், ஒரே சீட்டு. ஒற்றைச் சீட்டு ஒரு மணி நேரம் செல்லும். அதற்குள் எத்தனை வண்டி மாறினாலும் கவலை இல்லை. ஒரே நாளில் நான்கைந்து தடவை ஏறி இறங்குவதாக இருந்தால் 24 மணி நேரச் சீட்டு இலாபம். மூன்று நான்கு அருங்காட்சியகம் பார்க்கிற எண்ணம் உள்ளவர்கள் லியோன் சிட்டி கார்டு வாங்கலாம். போக்குவரத்தும் நுழைவுக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். என்னைப் போல் தெருவில் நடப்பதையே விரும்புகிறவர்களுக்கு அது தேவைப்படாது. ஏனென்றால் இந்த ஊரின் சிறந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை.

பார் தியூவிலிருந்து பழைய நகருக்குப் போக மெட்ரோ பி தடத்தில் சாக்ஸ் கம்பெத்தா வரை வந்து, டி தடத்துக்கு மாறி, வியூ லியோன் நிலையத்தில் இறங்குங்கள். டி தடத்து வண்டிகளில் ஓட்டுநர் இல்லை. குழந்தைகள் முன் கண்ணாடியை ஒட்டி நின்று சுரங்கத்தைப் பார்க்கலாம்.

முதல் நாள்: செபிக்கும் குன்று

லியோன்காரர்கள் ஃபூர்வியேரைச் செபிக்கும் குன்று என்றும், குருவா ரூஸை உழைக்கும் குன்று என்றும் சொல்வார்கள். முதல் நாள் செபிக்கும் குன்றுக்கு.

வியூ லியோன் மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே குன்றேறும் கம்பிவட ரயில் இருக்கிறது. இரண்டு தடங்கள். ஃபூர்வியேர் என்று எழுதியிருக்கும் தடத்தில் ஏறுங்கள். சில நிமிடத்தில் பசிலிக்காவின் வாசலில் இறக்கிவிடும். உலகின் முதல் நகரக் கம்பிவட ரயில் 1862இல் ஓடியது இதே ஊரில்தான், எதிரில் இருக்கும் குருவா ரூஸ் குன்றில்.

1870இல் பிரஷ்யப் படை நெருங்கி வந்தபோது, ஊர் தப்பினால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். படை வரவில்லை. 1872இல் கட்டத் தொடங்கிய நேர்த்திக்கடன்தான் இந்த ஃபூர்வியேர் பசிலிக்கா. நான்கு மூலையிலும் கோபுரம் நிற்பதால், கால் நான்கையும் மேலே தூக்கிப் படுத்த யானை என்று உள்ளூரில் செல்லமாகச் சொல்வார்கள். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். உள்ளே போங்கள், நுழைவு இலவசம். சுவர் முழுவதும் மொசைக் ஓவியம், நீலமும் பொன்னுமாக. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போவது மரியாதை.

பின்பக்க மேடையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். முதலில் சோன் ஆறு, அதை ஒட்டி ஓட்டுக்கூரைகள், பிறகு பெல்கூர் சதுக்கம், அப்பால் ரோன், அதற்கும் அப்பால் புதிய கோபுரங்கள். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே ஆல்ப்ஸ் மலையும் மோன் பிளாங்கும் தெரியும். மோன் பிளாங் தெளிவாகத் தெரிந்தால் மழை வரும் என்பது உள்ளூர் நம்பிக்கை. இங்கே நின்று ஊரின் அமைப்பை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்காது.

அங்கிருந்து தெற்கே சற்று இறங்கி நடந்தால் ரோமானிய அரங்கங்கள். கி.மு. 43இல் முனாசியஸ் பிளாங்கஸ் என்ற ரோமானியத் தளபதி இந்தக் குன்றில் லுக்துனும் என்ற குடியேற்றத்தை நிறுவினார். இன்றைய பிரான்ஸ் பகுதியை அன்று கால் நாடு என்பார்கள். அதுதான் பிறகு அந்தக் கால் நாட்டின் தலைநகரமாக வளர்ந்தது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் கி.மு. 10இல் பிறந்தது இங்கேதான். பெரிய அரங்கத்தில் 10,000 பேர் வரை உட்காரலாம். பக்கத்திலேயே இசைக்கும் கவிதைக்குமான ஓடியோன் என்ற சிறிய அரங்கம். அதன் தரையில் பல நிறக் கற்களால் ஆன கோலத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். அரங்க வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. ஜூன், ஜூலையில் இதே மேடையில் ஃபூர்வியேர் இரவுகள் என்ற கலைவிழா நடக்கும். அப்போது பகலில் மேடைச் சாமான்கள் காட்சியை மறைக்கும். ஆனால் இரவில் அந்தக் கல் படியில் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடவே கூடாது.

அரங்கத்துக்குப் பக்கத்தில் மலைக்குள் புதைந்தாற்போல் லுக்துனும் அருங்காட்சியகம். 1975இல் திறந்தது. உள்ளே சுருளாக இறங்கும் சாய்தளம். ஒரே ஒரு பொருளுக்காகவாவது உள்ளே போங்கள் என்பேன். அது கிளாடியஸின் வெண்கலப் பலகை. கால் நாட்டுப் பெரியவர்களை ரோமானிய செனட்டில் சேர்க்க வேண்டும் என்று கி.பி. 48இல் அவர் பேசிய பேச்சை வெண்கலத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1528இல் ஒரு துணி வணிகரின் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. எழுத்து இன்றும் கூர்மையாக இருக்கிறது. பிடிபட்ட நாட்டு மக்களுக்கும் ஆளும் சபையில் இடம் கொடு என்று, அந்த நாட்டிலேயே பிறந்த பேரரசர் வாதாடியதன் சாட்சி அது.

பார்த்து முடித்ததும் மறுபடி ரயிலுக்குப் போகாதீர்கள். அரங்கத்தின் கீழ்வாசல் வழியாக வெளியே வந்து, அந்திக்காய் சதுக்கம், மோந்தே சென் பார்த்தெலெமி என்ற சரிவுத் தெரு, அங்கிருந்து மோந்தே தே ஷாசோ படிக்கட்டு என்று இறங்குங்கள். படிகள் 228. இறங்கும்போது கூரைகளும் புகைக்கூண்டுகளும் தேவாலயக் கோபுரங்களும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். கைப்பிடி உண்டு என்றாலும் மழை நாளில் கல் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் ரயிலிலேயே இறங்கிவிடலாம்.

பழைய நகரில் கதவைத் தள்ளுங்கள்

படிக்கட்டு முடியும் இடம் ரூ தியு பெஃப் தெரு. இதற்கும் சோன் ஆற்றுக்கும் இடையே மூன்று நான்கு தெருக்கள் மட்டும் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்குத் தெருக்கள் மிகக் குறைவு. பதினைந்தாம் நூற்றாண்டில் லியோன் பெரும் சந்தைகள் கூடும் ஊராக ஆனபோது இத்தாலிய வணிகர்களும் வங்கிக்காரர்களும் வந்து குவிந்தார்கள். தெருவோர இடம் போதவில்லை. எனவே வீட்டுக்குப் பின்னால் முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு வீடு என்று கட்டிக்கொண்டே போனார்கள். பின்வீட்டுக்குப் போக முன்வீட்டின் ஊடாக நடைவழி. அந்த வழி நீண்டு அடுத்த தெருவில் போய்த் திறக்கும். இப்படிப்பட்ட வழிக்குத் திராபூல் என்று பெயர். செட்டிநாட்டு வீட்டில் ஒரு தெருவில் தலைவாசல் நுழைந்து அடுத்த தெருவில் பின்வாசல் வழியாக வெளியே வருவோமே, அதைப் போலத்தான். இங்கே அந்த வழியில் ஊரே நடக்கலாம் என்பது மட்டும் வேறுபாடு.

முதலில் 54, ரூ சென் ழான் என்ற கதவுக்குப் போங்கள். பார்த்தால் பூட்டிய வீட்டுக் கதவு போலத்தான் இருக்கும். தயங்காமல் தள்ளுங்கள். இருண்ட நடைவழி, ஒரு முற்றம், மறுபடி நடைவழி, மறுபடி முற்றம் என்று போய் 27, ரூ தியு பெஃப் தெருவில் கொண்டுவிடும். பழைய நகரின் மிக நீளமான திராபூல் இது. சுவரில் விளக்குப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் சிறிது நேரம் எரிந்து தானாக அணையும். நடுவழியில் அணைந்தால் பயப்பட வேண்டாம், அடுத்த பொத்தான் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்தது 27, ரூ சென் ழான். அது 6, ரூ தே த்ருவா மரி தெருவில் போய் முடியும். பிறகு 16, ரூ தியு பெஃப் முற்றத்துக்குள் எட்டிப் பாருங்கள். காவியும் ரோஜா நிறமும் கலந்த வட்டக் கோபுரம், உள்ளே சுழல் படிக்கட்டு. ரோஸ் கோபுரம் என்று பெயர். இன்னும் கொஞ்சம் வடக்கே 8, ரூ ழுய்வெரி தெருவில் ஃபிலிபேர் தெலோர்ம் என்ற கட்டடக் கலைஞர் 1536இல் கட்டிய மாடம் இருக்கிறது. கிணற்றையும் பழைய வீட்டையும் இடிக்காமல், இரண்டு கட்டடங்களை இணைத்துக் கிடைத்த துளி இடத்தில் அதை எழுப்பியிருக்கிறார். கட்டடம் படிக்கிற பிள்ளைகள் இங்கே நெடுநேரம் நிற்பார்கள்.

இந்த வழிகளில் நடக்கும்போது ஒன்றை மறக்கவே கூடாது. இவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். மேல்மாடியில் யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள், ஏதோ ஒரு குழந்தை தூங்கும். நகராட்சிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் உள்ள உடன்பாட்டின் பேரில்தான் பகலில் கதவு திறந்திருக்கிறது. பராமரிப்பிலும் விளக்கிலும் நகராட்சி உதவும், பதிலுக்கு வீட்டுக்காரர்கள் நம்மை உள்ளே விடுகிறார்கள். கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டவர்களால் மூடப்பட்ட கதவுகள் உண்டு. மெதுவாகப் பேசுங்கள், சன்னல்களைப் படம் எடுக்காதீர்கள், எதிரில் வருகிறவருக்கு "போன்ழூர்" சொல்லுங்கள். திறக்காத கதவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இத்தனையும் இன்று நம் கண்ணில் படுவதே அதிர்ஷ்டம். 1960களில் இந்தப் பகுதி இடிந்து அழுக்கேறிக் கிடந்தது. ஒரு பகுதியை இடித்துச் சாலை போடவும் திட்டம் இருந்தது. குடியிருப்பவர்களும் ஊர்ப்பற்று உள்ளவர்களும் போராடினார்கள். 1962இல் வந்த பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1964இல் பிரான்சின் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வியூ லியோன் அறிவிக்கப்பட்டது. 1998இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

சென் ழான் பேராலயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயில் மேற்கு முகப்பில் விழும். 1180 வாக்கில் தொடங்கி மூன்று நூற்றாண்டு கட்டியது. பீடப்பக்கம் பழைய ரோமானெஸ்க் பாணி, நடுக்கூடம் கோதிக் பாணி. நான்காம் ஹென்றி மன்னருக்கும் மரி த மெதிசிக்கும் 1600இல் திருமணம் நடந்தது இங்கேதான். உள்ளே பதினான்காம் நூற்றாண்டு வானியல் கடிகாரமும் இருக்கிறது.

இரண்டாம் நாள்: உழைக்கும் குன்று

வந்தவர்களில் பலர் இந்தக் குன்றை விட்டுவிடுகிறார்கள். எனக்கு லியோன் என்றாலே குருவா ரூஸ்தான்.

நகர மண்டபத்துக்கு எதிரே மெட்ரோ சி தடத்தில் ஏறுங்கள். பற்சக்கரத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறும் ரயில் அது. எனோன் நிலையத்தில் இறங்கினால் சற்றுத் தூரத்தில் கனூ சுவர் இருக்கிறது. 1,200 சதுர மீட்டர் பரப்பில் வரைந்த சுவரோவியம். படிக்கட்டு, கடை, சன்னல், மனிதர்கள் எல்லாம் உண்மை போலவே தெரியும். 1987இல் முதலில் வரைந்தார்கள். பிறகு அக்கம்பக்கம் மாற மாற ஓவியத்தையும் மாற்றி வரைந்திருக்கிறார்கள்.

கனூ என்பவர்கள் பட்டு நெசவாளர்கள். 1536இல் அரசர் முதலாம் பிரான்சுவா லியோனில் பட்டு நெய்யச் சலுகை கொடுத்தார். இந்த ஊர்க்காரரான ஜக்கார்டு 1804இல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை உருவாக்கினார். அதுவரை பூவேலைக்கு நூலைத் தூக்கிவிட இன்னொரு ஆள் தறியோடு உட்கார வேண்டும். அந்த வேலையை அட்டையே செய்தது. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியையும், தொங்கும் அட்டைமாலையையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியின் ஊர் இதுதான். குருவா ரூஸ் சதுக்கத்தில் அவருடைய சிலை நிற்கிறது. துளை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் இன்னொன்று என்ற அவருடைய முறையைத்தான் பிறகு ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

எனோனிலிருந்து குருவா ரூஸ் சதுக்கத்துக்கு வரும் வழியில், ரூ திவ்ரி தெருவில் கனூ இல்லம் இருக்கிறது. தறியை ஓட்டிக் காட்டுவார்கள். விளக்கம் பிரெஞ்சில் இருக்கும் நேரம், ஆங்கிலத்தில் இருக்கும் நேரம் தனித்தனி என்பதால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். நெசவுக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே மொழியே தேவையில்லாமல் புரிந்துகொள்வார்கள். பாவும் ஊடையும் எங்கேயும் ஒன்றுதானே.

வெளியே வந்ததும் வீடுகளை அண்ணாந்து பாருங்கள். சன்னல்கள் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. உள்ளே கூரை 4 மீட்டர் உயரம். ஜக்கார்டு பெட்டியோடு தறி நிற்க அவ்வளவு உயரம் வேண்டும், நூலின் நிறம் பார்க்க அவ்வளவு வெளிச்சம் வேண்டும். குடும்பம் தூங்கியது அந்த உயரத்தில் பாதியில் போட்ட பரணில்.

1831 நவம்பரில், குறைந்தபட்சக் கூலி ஒப்பந்தத்தை முதலாளிகள் மதிக்கவில்லை என்று இந்தக் குன்றிலிருந்து நெசவாளர்கள் இறங்கினார்கள். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டு மடிவோம் என்று கறுப்புக் கொடியில் எழுதிக்கொண்டு வந்து நகரையே கைப்பற்றினார்கள். படை வந்து அடக்கியது. 1834இல் மறுபடி எழுந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஐரோப்பாவின் தொழிலாளர் வரலாற்றில் முதல் பக்கங்களில் எழுதப்பட்டவர்கள் இவர்கள். அந்தத் தெருக்களில்தான் நீங்கள் இறங்கப் போகிறீர்கள்.

சந்தையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். குருவா ரூஸ் பெருந்தெருவில் திங்கள் தவிர மற்ற நாள் காலைகளில் காய்கறி, பழம், பாலாடைக்கட்டிச் சந்தை. மதியத்துக்குள் கலைந்துவிடும். ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு தெருவின் கிழக்கு முனைக்குப் போனால் பெரும்பாறை ஒன்று இருக்கிறது. குன்றேறும் ரயிலுக்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட கல். பக்கத்தில் உட்கார்ந்து ரோன் ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடலாம்.

அங்கிருந்து மோந்தே சென் செபஸ்தியன் வழியாக இறங்கி, 9, பிளாஸ் கொல்பேர் கதவில் நுழையுங்கள். வொராஸ் முற்றம் இதுதான். ஆறு மாடி உயரத்துக்கு வெளியே தெரியும்படி எழும் கல் படிக்கட்டு, குறுக்கே வெட்டி ஏறும் சாய்வுகள். பழைய நகரத்துத் திராபூல்களின் அலங்காரம் இங்கே இல்லை. பட்டுச் சுமையை மழையில் நனையாமல் இறக்க உதவிய வழி இது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்தவர்களுக்கும் இந்த வழிகள் பயன்பட்டன. கீழ்வாசல் 29, ரூ எம்பேர் கொலோமெஸ். எதிர்ப்பக்கம் 20ஆம் எண் கதவில் நுழைந்தால் 55, ரூ தே தாப்ள் குளோதியேன் தெருவில் வெளியே வருவீர்கள். நேற்று பார்த்த கிளாடியஸ் பலகையின் பெயரைத்தான் இந்தத் தெரு சுமக்கிறது.

அதே தெருவில் மேற்கே நடந்தால் மூன்று கால் நாடுகளின் அரங்கம். கி.பி. 19இல் கட்டியது. கி.பி. 177இல் பிளாந்தின் என்ற அடிமைப் பெண் உட்படக் கிறிஸ்தவர்கள் பலர் இங்கே கொல்லப்பட்டார்கள். நடுவில் ஒரு மரக்கம்பம் நட்டு நினைவு வைத்திருக்கிறார்கள். இன்னும் இறங்கினால் தெரோ சதுக்கம். சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டியின் குதிரை நீரூற்று அங்கே இருக்கிறது. கால் வலித்தால் நுண்கலை அருங்காட்சியகத்தின் உள்முற்றத் தோட்டத்தில் கட்டணமில்லாமல் உட்காரலாம்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. 2 மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு மேல்தான். நம் பழக்கத்துக்கு மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

பூஷோன்களின் சமையல் இறைச்சியை, அதிலும் பன்றி, மாட்டுக் குடல் வகைகளை நம்பியது. ஆந்துயெத் என்பது குடல் சாசேஜ், தப்லியே த சப்பேர் என்பது வறுத்த மாட்டு இரைப்பை. மணத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு கேளுங்கள். கெனெல் என்பது மீன் கலந்த மென்மையான உருண்டை, சுவையில் எளிது. ரூ சென் ழான் தெருவில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடைகளைத் தவிர்ப்பது நல்லது. பாரம்பரிய பூஷோன் என்று சான்று பெற்ற கடைகள் வாசலில் அதன் அடையாளத்தை ஒட்டியிருக்கும். இந்தச் சமையலை உலகறியச் செய்தவர்கள் லியோனின் அம்மாக்கள் என்று அழைக்கப்படும் பெண் சமையல்காரர்கள். அவர்களில் ஒருவரான எழெனி பிரசியே 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லின் நட்சத்திரம் மும்மூன்று பெற்றார். புகழ்பெற்ற சமையல் கலைஞர் போல் பொக்கூஸ் அவரிடம் வேலை கற்றவர்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லியோன் சாலட் என்பதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். வெங்காய சூப்பு பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றில் செய்தது. கெனெலில் மீன் இல்லாத வகை உண்டு, ஆனால் அதன் மேல் ஊற்றும் சாறு கடல் அல்லது ஆற்று இறால் வகையில் செய்திருக்கலாம். "ழ ந மான்ழ் நி வியாந்த் நி புவாசோன்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். சொல்ல வராவிட்டால் எழுதிக் காட்டுங்கள். செர்வெல் த கனூ என்பது மூலிகையும் பூண்டும் கலந்த புதுப் பாலாடைக்கட்டி, ரொட்டியோடு அருமையாக இருக்கும். கட்டி உறைய விலங்குப் பொருள் சேர்ந்திருக்கலாம் என்பதால் கண்டிப்பான சைவர்கள் கேட்டுக்கொள்ளவும். இனிப்புக்கு ரோஜா நிறப் பிரலின் டார்ட். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் கொடுப்பார்கள், குடிக்க நல்லது. சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது.

கடையில் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் சிடுசிடுத்தார்கள் என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் இதை விட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் இருந்தால்

மெட்ரோ டி தடத்தில் மோன்பிளேசிர் லுமியேர் போங்கள். 1895 மார்ச்சில், சினிமாவின் முன்னோடிகளான லுமியேர் சகோதரர்கள் தங்கள் ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைப் படம் பிடித்த இடம் அங்கே இருக்கிறது. குடும்ப மாளிகை இப்போது அருங்காட்சியகம். சினிமாவை நேசிக்கிற தமிழருக்கு இது யாத்திரைத் தலம்.

வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் பெர்த்லோ அவென்யூவில் உள்ள எதிர்ப்பியக்க அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டாபோவின் தலைமையகம் இருந்த அதே கட்டடம். லியோன் கெஸ்டாபோவின் தலைவராக இருந்த கிளாவுஸ் பார்பி மீது 1987இல் இதே ஊரில் நடந்த வழக்கின் காட்சிகளையும் காட்டுகிறார்கள். பதின்ம வயதுக்குக் கீழான குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். அவர்களுக்குத் தெத் தோர் பூங்கா, 117 ஹெக்டேர், உள்ளே விலங்குக் காட்சிசாலைக்கும் கட்டணம் இல்லை.

டிசம்பரில் போகிறவர்களுக்கு

1852இல் ஃபூர்வியேர் சிற்றாலயத்தின் மேல் மாதா சிலையை நிறுவும் விழா செப்டம்பரில் நடக்க வேண்டியது. சோன் ஆற்று வெள்ளத்தால் டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றும் புயல் மிரட்டியது. மழை விட்டதும் மக்கள் தாங்களாகவே சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அது இன்று நான்கு நாள் ஒளி விழாவாக வளர்ந்திருக்கிறது. பெருங்கட்டடங்களின் மேல் ஒளிச்சித்திரங்கள் ஓடும். அந்த நாள்களில் அறை கிடைக்கக் கோடையிலேயே பதிவு செய்ய வேண்டும். மாலையில் நகர நடுவில் சில மெட்ரோ நிலையங்களை மூடுவார்கள், நடைபாதைகளை ஒருவழியாக்குவார்கள். குழந்தைகளோடு போனால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் பெல்கூரையும் தெரோவையும் விட்டுவிட்டு, 8ஆம் தேதி இருட்டியதும் குருவா ரூஸ் தெருக்களில் நடக்கலாம். வண்ணக் கண்ணாடிக் குவளைகளில் சன்னலுக்குச் சன்னல் விளக்கு வைத்திருப்பார்கள். கடைகளில் அந்தக் குவளைகள் பெட்டியாகக் கிடைக்கும், நீங்களும் வாங்கித் தங்கும் அறைச் சன்னலில் வைக்கலாம். வைப்பதற்கு முன் விடுதிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.